இரண்டு ஓரம், நடுவில் வெறும் கோடுகள்: இஸ்ரேல்–பாலஸ்தீன வரலாற்றைச் சேர்ந்து உட்கார்ந்து படிப்பது எப்படி?

தாழ்வாரம் (இழையைத் தொடங்கியவர்)

சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் ஒன்பது பேர் கூடி வரலாறு படிக்கிறோம். மூன்று ஆண்டுகளாக நடக்கிறது. இந்த முறை எடுத்துக்கொண்டது இஸ்ரேல்–பாலஸ்தீனம். இரண்டாவது வாரமே தடுக்கி விழுந்தோம். இஸ்ரேல் உருவான 1948 போரை ஒருவர் ‘சுதந்திரப் போர்’ என்றார். எதிரே இருந்தவர், “நக்பா என்று சொல்லுங்கள், பேரழிவு என்றாவது சொல்லுங்கள்” என்றார். அங்கிருந்து பேச்சு நேராக 2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலுக்கும் காசாவுக்கும் தாவிவிட்டது. குரல் ஏறியது. இருவரும் எழுந்து போய்விட்டார்கள். அவர்களுக்கு ஊற்றி வைத்த டீ இரண்டு டம்ளரிலும் ஆடை கட்டிக் கிடந்தது.

இருவர் மேலும் எனக்குக் கோபமில்லை. குழந்தைகள் சாகிற செய்தியைப் படித்துவிட்டு வருகிறவர்களிடம் நிதானத்தை எதிர்பார்ப்பது கஷ்டம்தான். ஆனாலும் படிக்க வந்த இடத்தில் படிக்க முடியவில்லையே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

அதனால் ஒரு யோசனை, உங்கள் கருத்து வேண்டும்.

பெத்லகேமை ஒட்டிய ஊர் பெய்த் ஜாலா. அங்கே 1998-இல் ஓர் அமைதி ஆய்வு நிறுவனம் உருவானது. பெத்லகேம் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் பேராசிரியர் சாமி அத்வானும், பென்-குரியன் பல்கலைக்கழக உளவியலாளர் டான் பார்-ஓனும் சேர்ந்து நடத்தினார்கள். பார்-ஓன் அதற்கு முன்பே நாஜிகளின் பிள்ளைகளையும், யூதப் படுகொலையில் தப்பியவர்களின் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேச வைத்தவர். 2002 மார்ச்சில், இரண்டாம் இன்டிஃபாடா (பாலஸ்தீனர் எழுச்சி) கொழுந்துவிட்டு எரிந்த நேரத்தில், இந்த இருவரும் இரு தரப்பிலிருந்தும் ஆறு ஆறு பள்ளி ஆசிரியர்களைக் கூட்டினார்கள். இரண்டு வரலாற்றையும் ஒன்றாகப் பிசைந்து ஒரே கதையாக எழுதுவது அந்தச் சூழலில் ஆகாத காரியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் பக்கத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஓர் ஓரத்தில் இஸ்ரேலியர் சொல்லும் வரலாறு. மறு ஓரத்தில் பாலஸ்தீனர் சொல்லும் வரலாறு. நடுவில் வெறும் கோடுகள், மாணவர் தன் கையால் எழுத. எபிரேயத்திலும் அரபியிலும் வந்தது. முதல் புத்தகத்தில் எடுத்துக்கொண்டவை பிரிட்டன் 1917-இல் வெளியிட்ட பால்ஃபர் பிரகடனம், 1948, 1987-இல் தொடங்கிய முதல் இன்டிஃபாடா.

நாமும் இப்படிப் படித்தால் என்ன? ஒரு நாள், ஒரு சம்பவம், இரண்டு ஓரம். நடுவில் எழுதிவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும். சரியாக வருமா?

மணல்மேடு

நல்ல யோசனை அக்கா. ஆனால் ஓரங்களைப் பிரிப்பதற்கு முன்னால் தமிழில் நம் வாயில் இருக்கும் சொற்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நான் ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவன். எனக்கு ‘இஸ்ரவேல்’ என்றால் மோசேயும் தாவீதும். ‘பெலிஸ்தர்’ என்றால் கோலியாத். பத்தாம் வகுப்பு வரை செய்தியில் பாலஸ்தீனர் என்று கேட்டால் எனக்குள் கோலியாத்தின் ஈட்டிதான் எழுந்து நிற்கும். இன்றைய பாலஸ்தீனர் பெலிஸ்தர் அல்லர், அவர்கள் அரபி பேசும் மக்கள், அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு, பெய்த் ஜாலாவே பழைய கிறிஸ்தவ ஊர் என்பதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதேபோல வேதாகமத்து இஸ்ரவேலும் 1948 மே 14-இல் அறிவிக்கப்பட்ட நாடும் ஒரே பெயரில் இருப்பதால் இரண்டும் ஒன்று என்றே மனம் எடுத்துக்கொள்கிறது.

என் அடுத்த வீட்டு நண்பன் அதே நகரத்தை ‘பைத்துல் முகத்தஸ்’ என்பான். எங்கள் வீட்டில் ‘எருசலேம்’. செய்தித்தாளில் ‘ஜெருசலேம்’. ஒரே தெருவில் ஒரே நகரத்துக்கு மூன்று பெயர். வாய் திறந்த உடனே நாம் சண்டை போட்டுக்கொள்வதில் ஆச்சரியமில்லை. முதல் சனிக்கிழமை முழுக்கச் சொற்களுக்கே கொடுங்கள்.

ஊசிமுனை

அக்கா மேல் மதிப்பு வைத்தே மறுக்கிறேன்.

பக்கத்தை இரண்டாகச் சமமாகப் பிரித்தால், படிக்கிறவர் மனசில் இரு தரப்பும் சமம் என்று பதிந்துவிடும். தரையில் அப்படியில்லை. 1967-லிருந்து மேற்குக்கரை ராணுவ ஆட்சியின் கீழ் இருக்கிறது. 1990-களில் இரு தரப்பும் செய்துகொண்ட ஓஸ்லோ ஒப்பந்தம் அதை ‘அ, ஆ, இ’ என்பதுபோல மூன்று வகையாகப் பிரித்தது. மூன்றாவது வகை மட்டும் சுமார் 60 சதவீதம். அங்கே ஒரு பாலஸ்தீனர் அறை கட்ட வேண்டுமென்றால் இஸ்ரேலிய நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு ஆசிரியர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பாலஸ்தீன ஆசிரியர் ஜெருசலேமுக்கு வர அனுமதிச் சீட்டு வேண்டும், சோதனைச்சாவடியில் காத்திருக்க வேண்டும். ஒருவர் காரில் வந்து இறங்குகிறார், ஒருவர் வரிசையில் நின்று, சோதனைக்கு உட்பட்டு வருகிறார். மேசைக்கு வந்த பிறகு இருவருக்கும் ஒரே அளவு நாற்காலி.

பாலஸ்தீனர்கள் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: ‘தத்பீ’, இயல்பாக்கம். இயல்பாக இல்லாத ஒன்றை இயல்பானதாகக் காட்டுவது. பேச்சுவார்த்தைக் கூட்டங்களுக்குப் போக மறுக்கும் பாலஸ்தீனப் பேராசிரியர்கள் பலர் பேசப் பிடிக்காதவர்கள் அல்லர். பேசிக்கொண்டிருக்கும்போதே நிலம் போகிறதே என்பது அவர்கள் வாதம்.

சமூக உளவியலிலும் இதுதான் பழைய பாடம். கோர்டன் ஆல்போர்ட் 1954-இலேயே சொல்லிவிட்டார்: பகை கொண்ட குழுக்கள் சந்திப்பதால் வெறுப்பு குறைய வேண்டுமானால் சம அந்தஸ்து, பொது இலக்கு, கூட்டு வேலை, அதிகாரத்தில் இருப்போரின் ஆதரவு ஆகியவை வேண்டும். இந்த நான்கில் அங்கே எது இருக்கிறது? 2024 ஜூலை 19-இல் சர்வதேச நீதிமன்றம் அந்த ஆக்கிரமிப்பே சட்டவிரோதம் என்று கருத்துரை சொன்னது. காசாவில் இறந்தவர்கள் அங்குள்ள சுகாதார அமைச்சகக் கணக்கில் 60,000-க்கும் மேல். அங்கிருந்த பல்கலைக்கழகங்கள் எல்லாமே சேதமடைந்தோ தகர்ந்தோ போயின. கல்வித்தள உரையாடலுக்கு ஒரு தரப்பில் கல்வித்தளமே மிஞ்சவில்லை.

தாழ்வாரம்

நீங்கள் சொன்ன சோதனைச்சாவடி வரிசையை நான் யோசிக்கவில்லை. அதையும் படிக்க வேண்டியதாகவே சேர்த்துக்கொள்கிறேன். புத்தகம் எப்படி எழுதப்பட்டது என்பதே ஒரு பாடம்.

ஒன்று மட்டும். அந்தப் புத்தகத்தை அதிகாரத்தில் இருந்தவர்கள் யாரும் வசதியாக நினைக்கவில்லை. 2010-இல் காசா எல்லையோரம் ஸ்தெரோத் பக்கத்தில் ஷஆர் ஹனேகேவ் வட்டாரப் பள்ளியில் அதைப் பயன்படுத்தியதற்கு இஸ்ரேலியக் கல்வி அமைச்சகம் தலைமையாசிரியரை அழைத்து நிறுத்தச் சொன்னது. பாலஸ்தீன அமைச்சகமும் தாங்கள் ஏற்கவில்லை என்றது. மேசையில் இருந்தவர்கள் சமமாக இல்லைதான். ஆனால் அவர்கள் எழுதியது இரு பக்க அரசுகளுக்கும் உறுத்தியது.

கரைக்காற்று

இந்த இழையைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்து எழுதுகிறேன். என் அக்கா டெல் அவிவ் பக்கத்தில் ரமத் கான் என்ற ஊரில் முதியோர் பராமரிப்பு வேலையில் ஏழு வருடம் இருந்தார். அவர் பார்த்துக்கொண்ட பாட்டி பாக்தாதில் பிறந்தவர். 1951-இல், பன்னிரண்டு வயதில், ஒரே ஒரு பெட்டியோடு விமானத்தில் வந்து இறங்கினாராம். 1950–51-இல் இராக்கிலிருந்து அப்படி வந்தவர்கள் சுமார் 1,20,000 பேர். குடியுரிமை போனது, சொத்தை முடக்கினார்கள். அதற்குப் பத்து வருடம் முன்னால், 1941 ஜூனில், பாக்தாதில் யூதர்களை வெட்டி வீடுகளைச் சூறையாடிய ‘ஃபர்ஹூத்’ பற்றிப் பாட்டியின் அப்பா சொல்லிச் சொல்லி அழுவாராம்.

அக்கா சொன்னதில் என்னால் மறக்க முடியாதது இது. பகலில் பாட்டி எபிரேயம் பேசுவார். தூக்கத்தில் பேசினால் அரபி. சைரன் அடித்தால் 90 நொடி. சக்கர நாற்காலியைக் காப்பறைக்குத் தள்ளிக்கொண்டு போய் இரும்புக் கதவைச் சாத்த வேண்டும். அந்த அறைக்குள் பயத்தில் பாட்டி முணுமுணுப்பதும் அரபியில்தான்.

‘குடியேறி வந்தவர்கள், வந்த இடத்துக்கே போகட்டும்’ என்று எளிதாக எழுதுகிறார்கள். அந்தப் பாட்டி எங்கே போவார்? அக்டோபர் 7 அன்று சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேரைப் பிடித்துப் போனார்கள். நீங்கள் குறிப்பிட்ட அதே ஷஆர் ஹனேகேவ் வட்டாரத்தில்தான் கிஃபார் அஸ்ஸா என்ற கிராமம் இருக்கிறது. அங்கே மட்டும் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறு தரப்பின் கதையைப் படிக்க முன்வந்த பள்ளி இருந்த வட்டாரம் அது. எனக்கு இது தொண்டையில் நிற்கிறது.

ஊசிமுனை

கரைக்காற்று, நீங்கள் எழுதியது என்னையும் நிறுத்தி வைத்தது. அந்தப் பாட்டியைக் குடியேற்றக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். கிஃபார் அஸ்ஸாவில் நடந்ததை நியாயப்படுத்தவும் மாட்டேன்.

ஆனால் இன்னொரு பாட்டியைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். 1948 ஜூலையில் லித்தா, ராம்லே இரண்டு அரபு ஊர்களிலிருந்தும் 50,000-க்கும் மேற்பட்டோர் இஸ்ரேலியப் படையால் சுட்டெரிக்கும் வெயிலில் கிழக்கே நடக்க வைக்கப்பட்டார்கள். வழியிலேயே தாகத்தில் இறந்தவர்கள் உண்டு. அந்தப் போரில் மொத்தமாக இடம்பெயர்ந்தவர்கள் சுமார் 7,00,000 பேர். பாக்தாத் பாட்டியின் துயரத்துக்குப் பொறுப்பு பாக்தாதில் ஆண்டவர்கள். அதற்கான விலையை லித்தாக்காரர் ஏன் கொடுக்க வேண்டும்? பாக்தாத் பாட்டி இறங்கியபோது அவருக்கு ஒரு நாடு குடியுரிமை கொடுத்தது. லித்தா பாட்டியின் பேத்தி இன்றும் ஒரு முகாமில் பிறக்கிறாள்.

கரைக்காற்று

கொடுக்க வேண்டியதில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டையும் ஒரே பக்கத்தில் படிக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோளும்.

பனங்கீற்று

எனக்கு இதில் கல்வித்தளம் என்ற சொல்தான் முக்கியம். வெறும் மரியாதை போதாது. ஆதாரம் வந்தால் தன் தரப்பின் கதையையும் திருத்திக்கொள்ளத் தயாராக இருக்கிறவர்கள் பேசினால்தான் பேச்சு நகரும். அப்படி நகர்ந்த இடங்கள் உண்டு.

இஸ்ரேல் தரப்பில்: 1948 பற்றிய அரசு ஆவணங்கள் முப்பது ஆண்டுகள் கழித்துத் திறக்கப்பட்டன. அவற்றைப் படித்த பென்னி மாரிஸ், அவி ஷ்லைம், இலான் பாப்பே போன்றவர்கள் 1980-களின் கடைசியில், ‘அரபுத் தலைவர்கள் போகச் சொன்னதால்தான் மக்கள் போனார்கள்’ என்ற பள்ளிப்பாடக் கதையை உடைத்தார்கள். அப்புறம் அவர்களுக்குள்ளேயே முட்டிக்கொண்டார்கள். மாரிஸ் போரின் போக்கில் நடந்தது என்றார், திட்டமிட்ட வெளியேற்றம் என்றார் பாப்பே. பாலஸ்தீன அறிஞர் வலீத் காலிதி, 1948-இல் யூதப் படை வகுத்த ‘தாலெத் திட்டம்’ பற்றி 1961-இலேயே எழுதிவிட்டார், அப்போது கேட்பாரில்லை.

பாலஸ்தீனத் தரப்பில்: 1948 ஏப்ரல் 9 அன்று தெய்ர் யாசின் கிராமத்தில் இர்குன், லெஹி என்ற யூத ஆயுதக் குழுக்கள் நடத்திய படுகொலையில் இறந்தவர்கள் 254 பேர் என்று பல்லாண்டு காலம் எல்லாப் புத்தகங்களிலும் அச்சானது. 1987-இல் அந்த எண்ணைக் குறைத்தது பாலஸ்தீனத்தின் பீர்ஸெய்த் பல்கலைக்கழகம். ஆய்வாளர்கள் தப்பியவர்களை வீடு வீடாகப் பார்த்துப் பெயர் பெயராகக் கேட்டு எழுதி, 107 என்று சொன்னார்கள். அதனால் கொடுமை குறைந்துவிடவில்லை. எண்ணாக இருந்தவர்கள் பெயர்களாக ஆனார்கள்.

ஆனால் ஊசிமுனை சொன்ன சமமின்மை ஆவணத்திலும் இருக்கிறது. நாடு உள்ளவரிடம் ஆவணக் காப்பகம் இருக்கும். பெய்ரூத்தில் இருந்த பாலஸ்தீன ஆய்வு மையத்தின் தொகுப்பை 1982-இல் இஸ்ரேலிய ராணுவம் அள்ளிக்கொண்டு போனது. மறு ஆண்டு கைதிகள் பரிமாற்றத்தோடு சேர்த்துத்தான் திரும்பக் கிடைத்தது. காகிதங்களும் கைதிகளாக இருந்திருக்கின்றன. அதனால்தான் பாலஸ்தீன வரலாற்றில் வாய்மொழிச் சாட்சியத்துக்கு அவ்வளவு கனம். பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகக் காப்பகத்தில் உள்ள வாய்மொழி ஒலிப்பதிவுகளைக் கட்டாயம் உங்கள் ஓரத்தில் சேருங்கள். காகிதம் மட்டும்தான் சான்று என்று விதி வைத்தால் ஒரு ஓரம் காலியாகவே இருக்கும்.

வைகறை

இரண்டாம் ஆண்டு மாணவி. எல்லாரும் 242-ஆம் தீர்மானம் என்கிறார்கள். அதில் என்ன சண்டை? தமிழில் படித்தேன், தெளிவாகத்தானே இருக்கிறது?

பனங்கீற்று

தமிழில் படித்ததால்தான் தெளிவாக இருக்கிறது, தங்கச்சி. 1967 நவம்பர் 22-இல் ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றியது. போரில் ‘ஆக்கிரமித்த பகுதிகளிலிருந்து’ இஸ்ரேலியப் படை விலக வேண்டும் என்கிறது. ஆங்கில வாசகத்தில் ‘பகுதிகள்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘the’ என்ற சுட்டுச் சொல் இல்லை. அதனால் சில பகுதிகளிலிருந்து விலகினால் போதும் என்று இஸ்ரேல் வாதிடுகிறது. பிரெஞ்சு வாசகத்தில் அந்தச் சுட்டு இருக்கிறது, எல்லாப் பகுதிகளும் என்று அரபு நாடுகள் வாதிடுகின்றன. தமிழில் அப்படியொரு சுட்டே கிடையாது என்பதால் மொழிபெயர்ப்பில் சண்டை காணாமல் போகிறது. அதே தீர்மானத்தின் முன்னுரையில், போரால் நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்வது ஏற்கத்தக்கதல்ல என்ற வரியும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டு உன் முடிவை எழுது.

பால்ஃபர் பிரகடனத்தையும் இதேபோல் சொல் சொல்லாகப் பார்க்கலாம். 67 சொல். யூத மக்களுக்குத் ‘தேசிய இல்லம்’. மற்றவர்கள் அதில் ‘யூதரல்லாத சமூகங்கள்’. ஐந்து ஆண்டு கழித்து, 1922 கணக்கெடுப்பில் அங்கே இருந்த சுமார் 7,57,000 பேரில் யூதர்கள் சுமார் 84,000. பத்தில் ஒன்பது பங்கு மக்களுக்கு அந்தக் கடிதத்தில் சொந்தப் பெயரே இல்லை.

அலைவரிசை

பல்கலைக்கழகத்தில் இது நடந்த உதாரணம் ஒன்று. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் யூதவியல் துறைத் தலைவர் சூசன்னா ஹெஷலும் மத்திய கிழக்கியல் துறைத் தலைவர் தாரெக் எல்-அரிஸும் அக்டோபர் 7-க்குப் பிறகு சில நாட்களிலேயே பொது மேடையில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அதற்கு முன்பே இரு துறைக்காரர்களும் பழகிப் பேசி வந்ததால்தான் அது முடிந்தது. நெருப்புப் பிடித்த பிறகு கிணறு வெட்ட முடியாது.

ஊசிமுனை

அதே கல்லூரியில் 2024 மே 1 அன்று போராடிய சுமார் 90 பேரைப் போலீஸ் பிடித்துப் போனதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிடிபட்டவர்களில் முன்பு யூதவியல் துறையை நடத்திய பேராசிரியை ஒருவரும் உண்டு.

சரி, நான் முழுக்க எதிரியல்ல. என் மனசில் பெரிய இடம் பெற்ற ஒருவரைச் சொல்கிறேன். அல்-குத்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் முகமது தஜானி 2014 மார்ச்சில் சுமார் 30 பாலஸ்தீன மாணவர்களை ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமைப் பார்க்க அழைத்துப் போனார். அதே திட்டத்தில் இஸ்ரேலிய மாணவர்கள் பெத்லகேமில் உள்ள தெஹெய்ஷே அகதி முகாமுக்குப் போனார்கள். திரும்பி வந்தவருக்குத் துரோகி பட்டம். வேலையை விட நேர்ந்தது, காரைக் கொளுத்தினார்கள். அவர் ஆக்கிரமிப்பை ஏற்றவர் அல்லர். எதிரியின் வலியைத் தெரிந்துகொள்வதும் அவன் செய்வதற்குச் சம்மதம் சொல்வதும் வேறு வேறு என்று செய்து காட்டினார். அக்கா, நடுக் கோடுகளில் அந்த வேறுபாட்டை எழுத இடம் இருக்குமானால் நானும் வருகிறேன். ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் மேலும், அந்த நாளில் யார் கையில் என்ன அதிகாரம் இருந்தது என்று ஒரு வரி வேண்டும். அது என் நிபந்தனை.

தாழ்வாரம்

நிபந்தனை ஏற்கப்பட்டது. நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எழுந்து போன இருவரையும் நேரில் போய் அழைத்தேன். ஒருவர் வந்தார், ஒருவர் வரவில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். முதல் அரை மணி மணல்மேடு சொன்னபடி சொற்களுக்கு. இஸ்ரேலின் 1950 சட்டம் யூதர்களுக்குத் தருவது ‘திரும்பும் உரிமை’. 1948 டிசம்பரின் ஐ.நா. 194-ஆம் தீர்மானத்தைக் காட்டி அகதிகள் கேட்பதும் ‘திரும்பும் உரிமை’. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்று பலகையில் எழுதியபோது யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்புறம் ஒரே வாரத்தை எடுத்தோம், 1948 ஏப்ரல். ஓர் ஓரத்தில் தெய்ர் யாசின், ஏப்ரல் 9. மறு ஓரத்தில் ஏப்ரல் 13: ஜெருசலேமின் ஸ்கோபஸ் மலையில் இருந்த ஹதாசா என்ற யூத மருத்துவமனைக்கு மருத்துவர்களையும் செவிலியரையும் ஏற்றிப்போன வாகன வரிசையை ஷேக் ஜர்ரா பகுதியில் அரபுப் படையினர் மறித்துத் தாக்கினார்கள். இறந்தவர்கள் 70-க்கும் மேல். தெய்ர் யாசினுக்குப் பழிவாங்கல் என்று அப்போதே சொல்லப்பட்டது. பக்கத்தின் மேலே ஊசிமுனை கேட்ட வரி: இன்னும் பிரிட்டிஷார்தான் ஆட்சியில் இருந்தார்கள், அவர்களின் படை உதவிக்கு வர மணிக்கணக்கில் தாமதித்தது. எங்கள் ஒன்பது பேரில் தெய்ர் யாசின் தெரிந்தவர்கள் நால்வர், ஹதாசா தெரிந்தவர் ஒருவர். இரண்டும் தெரிந்தவர் யாருமில்லை, என்னையும் சேர்த்து.

இருபது நிமிடம் பேனா சத்தம் மட்டும். திரும்பி வந்தவர் தன் தாளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நடுக் கோடுகளில் அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: “ஒன்பதாம் தேதி வெள்ளி. பதின்மூன்றாம் தேதி செவ்வாய். நடுவில் சனி, ஞாயிறு, திங்கள். அந்த மூன்று நாளில் யாராவது யாரையாவது தடுக்கப் பார்த்தார்களா?”

அந்த நாட்களின் ‘பாலஸ்தைன் போஸ்ட்’ நாளிதழ் இஸ்ரேல் தேசிய நூலகத் தளத்தில் இருக்கும். பனங்கீற்று, பெய்ரூத் ஒலிப்பதிவில் ஜெருசலேம் சுற்றுவட்டாரக்காரர்களின் சாட்சியம் எது என்று எடுத்துத் தர முடியுமா? அடுத்த சனிக்கிழமை அதைத்தான் படிக்கிறோம்.